எழுதியவர்களுக்கும் எடுத்துக் கொடுத்தவர்களுக்கும்: இந்த நன்றியை எப்படித் தீர்ப்பது?

வேலந்தாவளம் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படித்த புத்தகங்களைப் பற்றி எழுத ஆரம்பித்து இந்த ஜூனோடு எனக்குப் பத்து வருடம் ஆகிறது. பழைய நோட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 312 புத்தகங்கள். எண்ணி முடித்ததும் யார் யாரிடமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. அதைப் பேசத்தான் இந்த இழை.

எங்கள் ஊர் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கோவைக்குப் போகிற வழியில் எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். பத்தாவது வரை தமிழ் வழியில்தான் படித்தேன். ஆனால் பாடப் புத்தகத்தைத் தாண்டித் தமிழில் நாவல்கள் இருக்கின்றன, அவற்றைக் காசு கொடுக்காமல் படிக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் ஒரு மலையாளி. எங்கள் வாயனசாலையின், அதாவது ஊர் நூலகத்தின், செயலாளர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோரும் மாஷ் என்று கூப்பிடுவோம்.

1945இல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றாகக் கூட்டிச் சங்கம் அமைத்தார். கேரளத்தில் இன்று ஊருக்கு ஊர் வாயனசாலை இருப்பதற்கு அதுதான் வேர். அவர் மறைந்த ஜூன் 19ஐ இங்கே வாசிப்பு தினமாகக் கொண்டாடுவார்கள். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்படி ஒரு ஜூன் 19 அன்று மாஷ் என்னைக் கூப்பிட்டு, "தமிழ் வாசிக்கிறவங்க இவ்வளவு பேர் இருக்கீங்க, ஒரு தமிழ் அலமாரி வேண்டாமா? நீ பேர் எழுதிக் கொடு, நான் வாங்கறேன்" என்றார். அவருக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. நான் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த பெயர்களை என்னையே வாசிக்கச் சொல்லி, பதிவேட்டில் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்கள் மலையாள எழுத்தில்தான் இருக்கின்றன. ழகரம் வரும்போது மட்டும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். "இது நம்ம ரெண்டு பேருக்கும் உள்ளது" என்பார்.

அடுத்தது ஒரு எழுத்தாளர். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் விடுகிறேன். என் அப்பா மரம் ஏறிக் கள் இறக்குகிறவர். எங்கள் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. அந்தத் தொழிலை வைத்து ஒரு நாவல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வாங்கி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். "என்னம்மிணி, விரிஞ்ச பாளையச் சீவறதாவா எழுதியிருக்கு? இன்னொருக்கா படி." படித்தேன். "பூ வெளிய வந்துட்டா தேங்காய்க்கு விட வேண்டியதுதான். விரியறதுக்கு முன்னாலயே நாரு போட்டு இறுக்கிக் கட்டோணும். தெனமும் தட்டித் தட்டிப் பதம் பண்ணோணும். அப்புறந்தான் நுனியச் சீவறது" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தன் தட்டுக்கட்டையை எடுத்து வந்து முழங்காலில் வைத்துத் தட்டிக் காட்டினார். எவ்வளவு மெதுவாகத் தட்டவேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வேகமாகத் தட்டினால் உள்ளே பூ நசுங்கிவிடுமாம்.

நாவலில் எனக்குப் பிடித்ததையெல்லாம் எழுதி, இந்தத் தவறையும் எழுதினேன். எழுத்தாளர் கோபித்துக்கொள்வார் என்று இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் போன் செய்தார். என்னிடம் இரண்டு நிமிடம்தான் பேசினார். "அப்பாவிடம் கொடுங்கள்" என்று வாங்கி முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டாம் பதிப்பில் அந்தப் பத்தி மாறியிருந்தது. முன்னுரையில் "சித்தூர்ப் பக்கத்து மரமேறி ஒருவருக்கு" என்று ஒரு வரி. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த வரியை விரல் வைத்துத் தானே படித்தார்.

மூன்றாவது, உங்களைப் போல எழுதுகிறவர்கள். ஆரம்பத்தில் நான் கதைச் சுருக்கம் மட்டும்தான் எழுதுவேன். சிவகங்கைப் பக்கத்து அக்கா ஒருவர், முகம்கூடப் பார்த்ததில்லை, "கதையை நானே படித்துக்கொள்கிறேன் தங்கச்சி. எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்தாய், அதைச் சொல்" என்று எழுதினார். பத்து வருடமாக நான் எழுதுவதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

உங்களைக் கேட்க நினைப்பது இதுதான். நீங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்? அதை எப்படித் தீர்க்கிறீர்கள்?


பழைய பேப்பர் எழுதியது:

நல்ல பதிவு, அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புத்தகங்களைப் பற்றி எழுதுகிற இடத்தில் நன்றி என்பது ஆபத்தான சரக்கு. எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுப் புத்தகம் அனுப்புகிறார். வாங்கிக்கொண்டவர் நன்றி சொல்லி எழுதுகிறார். அதற்கு எழுத்தாளர் நன்றி சொல்கிறார். இப்படி மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனால் அந்தப் புத்தகம் சுமார் என்பதை யார்தான் சொல்வது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது சோற்றுக்குச் சரி. புத்தகத்துக்கு அதைக் கொண்டுவந்தால் படிக்கிறவன்தான் ஏமாறுவான்.

நான் இலவசப் பிரதி வாங்குவதே இல்லை. கோவையில் பழைய புத்தகக் கடையில் வாங்குவேன், இல்லாவிட்டால் நூலகம். யாருக்கும் கடன் இல்லை. அதனால் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுத முடிகிறது.


சாலைத்தெரு எழுதியது:

திருவனந்தபுரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா இங்கே சாலை பஜாரில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி. ஆ. மாதவன் அந்த பஜாரில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நான் ஸ்கூலுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவேன். அது ஒரு எழுத்தாளரின் கடை என்று தெரியாது. எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர்களும் திருடர்களும் அன்றாடங்காய்ச்சிகளும் தமிழில் கதையாகியிருக்கிறார்கள் என்பது, சென்னையில் இருக்கும் ஒரு வாசகர் எழுதிய குறிப்பைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கோ இருக்கிறவர் எழுதி என் தெரு எனக்குத் தெரிய வந்தது!

2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது 80 வயது தாண்டியிருந்தது. போய்ப் பார்க்கவேண்டும், "என் அப்பா மாதிரி ஆட்களை எழுதியதற்கு நன்றி சார்" என்று சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தள்ளித் தள்ளிப் போட்டேன். 2021 ஜனவரியில் அவர் போய்விட்டார்.

பழைய பேப்பர் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்ட நன்றி எப்படி உறுத்தும் என்று எனக்குத் தெரியும். நகுலன், நீல பத்மநாபன், ஆ. மாதவன் என்று இந்த ஊரிலிருந்து தமிழில் எழுதியவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார், ஒருவர் மின்வாரியத்தில் பொறியாளர், ஒருவர் கடைக்காரர். சுற்றிலும் மலையாளம் பேசும் ஊரில், எத்தனை பேர் படிப்பார்கள் என்று பார்க்காமல் ஆயுள் முழுக்க எழுதினார்கள். உயிரோடு இருப்பவர்களிடமாவது சொல்லிவிடுங்கள்.


மூணாறு லயம் எழுதியது:

நான் எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள் மட்டும். தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடு. அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார், நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன்.

எங்களுக்குத் தமிழ்ப் புத்தகக் கடை என்றால் மலை இறங்கிப் போடி, தேனி வரை போகவேண்டும். வருடத்துக்கு நாலு புத்தகம் வாங்குவேன். அதற்கு மேல் முடியாது. அந்த நாலும் எவை என்று தீர்மானிப்பது நீங்கள் எழுதுவதை வைத்துத்தான். போன வருடம் ஒரு புத்தகத்தை மூன்று பேர் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள், 450 ரூபாய். வாங்கினேன். ஐம்பது பக்கத்துக்கு மேல் போகமுடியவில்லை. உங்களுக்கு அது ஒரு புத்தகம், எனக்கு அந்த வருடத்தில் கால்வாசி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, விலையை மட்டும் பார்த்தார்.

வாசகி அக்கா சொன்ன புத்தகம் ஒன்றுகூட எனக்குத் தவறிப்போனதில்லை. அவர் குறையும் எழுதுவதால்தான் நிறையை நம்பி வாங்குகிறேன். இங்கே மழைக்காலத்தில் மூன்று மாதம் வீட்டுக்குள் புகை மாதிரிப் பனி வரும், அட்டையில் பூஞ்சை பிடிக்கும். அக்கா எழுதி நான் வாங்கியவற்றைப் பழைய புடவையில் சுற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறேன். நன்றி அக்கா. இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும்.


வேலந்தாவளம் வாசகி எழுதியது:

லயத்துத் தங்கச்சி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 450 ரூபாய் விஷயத்தை இனி ஒவ்வொரு குறிப்பு எழுதும்போதும் நினைப்பேன்.

பழைய பேப்பர் அண்ணா, நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. நானே ஒருமுறை அதில் விழுந்திருக்கிறேன். நன்றாகப் பழகிய ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு. பாதிக் கதைகள் எனக்கு ஒட்டவில்லை. ஒட்டிய மூன்றை மட்டும் எழுதிவிட்டு மீதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு அவரே கேட்டார், "மற்றதெல்லாம் என்ன ஆச்சு?" என்று. சொல்லியிருந்தால் அடுத்த தொகுப்புக்கு உதவியிருக்கும் என்றார். நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்தேன், அவருக்கு வேண்டியதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆனால் யாருக்கும் கடன் இல்லை என்று நீங்கள் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. பழைய புத்தகக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கினாலும், அதை எழுத ஒருவர் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறார். கடன் இருக்கிறது. புகழ்ந்துதான் தீர்க்கவேண்டும் என்று யார் சொன்னது? என் அப்பா எழுந்து போய்த் தட்டுக்கட்டையை எடுத்து வந்தாரே, அது மாதிரி ஒரு பதில் கொடுத்தால் போதும்.


களியக்காவிளை எழுதியது:

ஒரு கூட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மொழிபெயர்ப்பாளர்கள்.

குமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோடு, கல்குளம் பகுதிகள் 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. என் ஆச்சி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், நான் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆச்சி சிரித்துச் சிரித்துப் படித்த பஷீரை நான் படிக்க முடிந்தது குளச்சல் மு. யூசுப் தமிழில் கொடுத்ததால். தகழி 'செம்மீன்' நாவலில் எழுதிய மீனவர்கள் தமிழுக்கு வந்தது நாகர்கோவில் சுந்தர ராமசாமியால். நீங்கள் இருக்கும் பாலக்காட்டின் தஸ்ராக் கிராமத்தை வைத்து ஓ.வி. விஜயன் 'கசாக்கின் இதிகாசம்' நாவலை எழுதினார், தமிழுக்குக் கொண்டுவந்தவர் யூமா வாசுகி. அந்த வேலைக்கு 2017க்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது, அடுத்த வருடத்துக்கானது யூசுப்புக்கு. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாளம் படித்தவர், தமிழில் எழுதி 1997இல் அகாதெமி விருது வாங்கினார். எங்கள் பக்கத்தில் இரண்டு மொழிக்கும் நடுவில் சுவர் கிடையாது, வேலிதான். அதிலும் ஆள் நுழைகிற அளவுக்கு வழி இருக்கும்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புத்தகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள், "மொழி அருமை, நடை அருமை" என்று உருகுகிறவர்கள், மொழிபெயர்த்தவர் பெயரைச் சொல்வதில்லை. அந்த நடை யாருடையது என்று நினைக்கிறார்கள்? இங்கே எழுதுகிற எல்லோரிடமும் ஒரே வேண்டுகோள்: முதல் பத்தியிலேயே அவர் பெயரை எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.


வேலந்தாவளம் வாசகி எழுதியது:

அண்ணா, சரிதான். என் 312இல் எத்தனை மொழிபெயர்ப்பு என்று உடனே எடுத்துப் பார்த்தேன். 41. அதில் 17 குறிப்புகளில் மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. இன்று ராத்திரியே சேர்க்கிறேன்.


நகரி தறி எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு வார்த்தை. திருத்தணி எங்களுக்குப் பக்கம்தான். 1960இல் அது தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் தமிழ் பேசினாலும் பிள்ளைகள் படிப்பது தெலுங்கு. நான் விசைத்தறி ஓட்டுகிறேன். தமிழ் எழுத்து அப்பா சிலேட்டில் கற்றுக் கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை.

அதனால் எனக்கு ர, ற தகராறு. ல, ள சொல்லவே வேண்டாம். நான் முதன்முதலில் ஒரு நாவலைப் பற்றி எழுதியபோது ஒருவர் எல்லோருக்கும் முன்னால் வைத்துத் திருத்தினார். அன்றைக்கே நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் தமிழாசிரியர் ஒருவர் தனியாக எழுதினார்: "ஐயா, நீங்கள் சொன்ன விஷயத்தை வேறு யாரும் சொல்லவில்லை. எழுதி முதலில் எனக்கு அனுப்புங்கள், பிழையை மட்டும் பார்த்துத் தருகிறேன்." ஏழு வருடமாகப் பார்த்துத் தருகிறார். திருத்தின சொல்லை மாற்றிவிட்டுப் பேசாமல் இருக்கமாட்டார். பக்கத்திலேயே ஏன் என்று ஒரு வரி எழுதியிருப்பார். "அரை என்றால் பாதி, அறை என்றால் ரூம்." "மரம் மரத்துப்போகும், ஆனால் மறக்காது." அந்த வரிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். நூல் அறுந்து தறி நிற்கும் நேரத்தில் ஒரு பக்கம் பார்ப்பேன்.

என் சின்னவளுக்கும் அந்த நோட்டிலிருந்துதான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன்.


முதல் நாவல் எழுதியவன் எழுதியது:

ஒரு எழுத்தாளனாக இதில் பேசலாமா என்று யோசித்தேன். பேசுகிறேன்.

தமிழில் இன்று பல நாவல்கள் முதலில் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபிறகு அதற்கும் குறைவாகப் போடுகிறார்கள். ராயல்டி பொதுவாகப் பத்து சதவீதம். 250 ரூபாய் புத்தகம் விற்றால் எனக்கு 25 ரூபாய். காசுக்காக யாரும் இதைச் செய்வதில்லை என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. புத்தகம் வெளிவந்த பிறகு வரும் அமைதிதான் கஷ்டம். முதல் நாவல் வந்து ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருந்தன. ஆறாவது மாதம் யாரோ ஒருவர், பெயர் தெரியாது, நாலு வரி எழுதியிருந்தார். அதில் இரண்டு வரி குறை. 112ஆம் பக்கத்தில் அந்தத் தாய் ஏன் திரும்பி வந்தாள் என்று நம்பமுடியவில்லை என்று. அதைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். ஒருவர் 112ஆம் பக்கம் வரை வந்திருக்கிறார்! அந்தத் தாயைப் பற்றி யோசித்திருக்கிறார்!

எங்களுக்கு நன்றி வேண்டாம். பக்க எண் போதும். இன்னொன்று முடிந்தால்: உங்கள் ஊர் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கேளுங்கள். மாஷ் மாதிரி ஒருவர் இருந்தால் வாங்கி வைப்பார்.

வேலந்தாவளம் வாசகி, அந்த நாலு வரி உங்களுடையதாக இருக்கலாம் என்று பதினைந்து நாளாகச் சந்தேகம். 312இல் தேடிப் பாருங்கள்.


பழைய பேப்பர் எழுதியது:

நான் சொன்னதில் பாதியை வைத்துக்கொள்கிறேன், பாதியை விடுகிறேன்.

விடுவது: யாருக்கும் கடன் இல்லை என்று எழுதியது. அது உண்மை இல்லை. எனக்குப் பழைய புத்தகம் எடுத்து வைக்கும் கடைக்காரர், "இது உங்களுக்கு ஆகும் சார்" என்று தனியாக ஒரு மூலையில் கட்டி வைப்பார். இருபது வருடமாக. அவர் கை வைத்தது தவறியதே இல்லை. அவருக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை, பேரம்தான் பேசியிருக்கிறேன்.

வைத்துக்கொள்வது: புத்தகம் இலவசமாக வந்தால் அதை முதல் வரியில் சொல்லிவிடவேண்டும். எழுத்தாளர் நண்பர் என்றால் அதையும். லயத்துப் பெண் எழுதியதைப் படித்த பிறகு இதில் நான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறேன். அவர் 450 ரூபாய் கொடுத்தது நம் சொல்லை நம்பி.


சாலைத்தெரு எழுதியது:

அண்ணா, அந்தக் கடைக்காரரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.


வேலந்தாவளம் வாசகி எழுதியது:

தேடினேன். 2019ஆம் வருடத்து நோட்டில் இருக்கிறது. நாலு வரி, 112ஆம் பக்கம், அந்தத் தாய். நான்தான். சார், இப்போது இன்னொரு முறை அந்த அத்தியாயத்தைப் படித்தேன். அவள் ஏன் திரும்பி வந்தாள் என்பது எனக்குப் புரிகிறது. அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. இதைத் தனியாக எழுதுகிறேன்.

பழைய பேப்பர் அண்ணா, முதல் வரி விதியை ஏற்றுக்கொள்கிறேன். களியக்காவிளை அண்ணா, 17இல் 14 குறிப்புகளில் பெயர் சேர்த்துவிட்டேன். மீதி மூன்று புத்தகங்கள் இரவல் வாங்கியவை, கையில் இல்லை, மாஷிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பதிவேட்டை நான் எடுத்து வாசிக்க, அவர் எந்த அலமாரி என்று நினைவிலிருந்து சொல்கிறார். நகரி ஐயா, உங்கள் நோட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? இங்கே பஞ்சாயத்துப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே ர, ற தகராறுதான்.

மூணாறுத் தங்கச்சிக்கு: என்னிடம் இரண்டு பிரதி இருக்கும் புத்தகங்களில் மூன்றை எடுத்து வைத்திருக்கிறேன். புத்தகத்துக்கு இருந்த பதிவு அஞ்சல் வசதியை 2024 கடைசியில் நிறுத்தியபோது கஷ்டமாக இருந்தது. இப்போது புத்தகங்கள் அனுப்ப அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் வந்திருக்கிறது, செலவு கட்டுப்படியாகிறது. பனிக்குத் தாங்க உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருக்கிறேன். முகவரியைத் தனியாக அனுப்பு. திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.